நோட்டீஸ் அம்மாவுக்கு, வீடியோ மகளுக்கு

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை நடத்துகிறேன். தை முகூர்த்தங்களுக்கு முன்பு நாளிதழுக்குள் நோட்டீஸ் வைப்பதும், உள்ளூர் கேபிளில் விளம்பரம் தருவதும் வழக்கம். “எல்லாம் வீண், மொத்தப் பணத்தையும் இன்ஸ்டாகிராமில் போடுங்கள்” என்கிறான் மகன். கையில் 60,000 ரூபாய்தான் இருக்கிறது. எதில் போடுவது?

பதில்: சீர்வரிசைப் பாத்திரத்தை ஒருவர் மட்டும் முடிவு செய்து வாங்குவதில்லை. பணம் அப்பாவுடையது, பட்டியல் அம்மாவுடையது. “இந்த மாடல் வேண்டாம்” என்று தள்ளிவிடும் அதிகாரமோ சென்னையில் வேலை பார்க்கும் கல்யாணப் பெண்ணுக்கு. பெற்றோர் நோட்டீஸைப் படிப்பார்கள். மகள் அதைப் பார்க்கப் போவதே இல்லை. ஆகவே நீங்களும் பாதி சரி, உங்கள் மகனும் பாதி சரி. ஒரே செய்தி, ஒரே வாரத்தில், இரு தரப்புக்கும் போக வேண்டும். இரவு போனில் அம்மா கடைப் பெயரைச் சொல்லும்போது, “நானும் பார்த்தேன்” என்று மகள் சொன்னால் பாதி வியாபாரம் முடிந்தது.

பணத்தைத் தொடும் முன் கூகுள் மேப்பில் உங்கள் கடையின் விவரங்களைச் சரிபாருங்கள். ‘ஞாயிறும் உண்டு’ என்று நோட்டீஸ் சொல்ல, மேப் ‘விடுமுறை’ என்று காட்டினால் வெளியூர்க்காரர் வண்டியை எடுக்க மாட்டார். இதைத் திருத்தக் காலணா செலவில்லை.

அடுத்தது வரிசை. பலரும் முதலில் நோட்டீஸை அச்சடித்துவிட்டு, அதையே படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். இது தலைகீழ். உங்கள் பொருள் எடைக்கு விற்பது. எனவே தராசில் குத்துவிளக்கை வைத்து, முள் நிற்கும் வரை காட்டி, கிலோ விலையையும் சொல்லி அரை நிமிட வீடியோ எடுங்கள். அதற்கு மூன்று விதமான தலைப்பு வைத்து, கும்பகோணத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கும், தனியாகச் சென்னைக்கும், சிறு தொகையில் இன்ஸ்டாகிராம் விளம்பரமாகச் சில நாட்கள் ஓட்டுங்கள். லைக்கை எண்ணாதீர்கள், லைக் போட்டவர் குடம் வாங்குவதில்லை. எந்தத் தலைப்புக்கு விலை கேட்டு வாட்ஸ்அப் வருகிறதோ, அதுவே நோட்டீஸிலும் கேபிளிலும் பெரிய எழுத்தில் வரட்டும். அச்சடித்த பிறகு வாசகத்தை மாற்ற முடியாது. இணையத்தில் மதியமே மாற்றலாம்.

நோட்டீஸில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் கியூஆர் குறியீடு வையுங்கள். அதைவிடப் பெரிதாகப் போன் எண்ணும் இருக்கட்டும். ஓடும் ஆட்டோவின் முதுகில் குறியீடு வைப்பது வேடிக்கை, அங்கே கடைப் பெயரும் எண்ணும் போதும். ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும்.

எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று கல்லாவில் கேட்டால், பழக்கத்தில் “பேப்பரில் பார்த்தேன்” என்பார்கள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு வாசகத்தை எழுதிவைக்க முடியும். நோட்டீஸின் குறியீட்டுக்கு ‘நோட்டீஸ் – சீர் செட் விலை’, கேபிள் விளம்பரத்துக்கு ‘டிவி – சீர் செட் விலை’ என வெவ்வேறாக வைத்தால், வரும் செய்தியே எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடும். போனில் அழைப்பவர்களுக்காக நோட்டீஸில் மட்டும் வேறு எண் கொடுங்கள்.

வாங்கியவரிடம் உங்கள் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவது, எண்ணைப் பதிந்துவைத்தவர்களுக்கே போய்ச் சேரும். அடுத்த ஆண்டு, தங்கை கல்யாணத்துக்கு அந்த வீட்டை எட்ட விளம்பரச் செலவே வேண்டாம்.

தொகை என்று கேட்டால், என் கணக்கு இது: மூன்று தலைப்புச் சோதனைக்கு 8,000, நோட்டீஸுக்கு 22,000, அதே வாரங்களில் ஓடும் வீடியோவுக்கு 20,000, மீதி 10,000 கையிருப்பு. முதல் பதினைந்து நாள் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டு, அதிகம் விசாரணை வரும் பக்கம் கையிருப்பைத் தள்ளுங்கள். கேபிளுக்கும் அதிலிருந்துதான், அதுவும் பணம் மிஞ்சினால். மார்கழியில் சீர் வாங்கத் தயங்கும் வீடுகள் உண்டு என்பதால், சோதனையை ஐப்பசியிலேயே முடித்து, நோட்டீஸைக் கார்த்திகை முதல் வாரத்தில் வெளியிடுங்கள்.