ஹெட் கோச்சுக்குப் பக்கத்து நாற்காலி: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் அசிஸ்டன்ட் கோச்சாக இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, டிவியில் பார்த்தால் அசிஸ்டன்ட் கோச்சுகள் கையில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையில் என்னதான் வேலை?

பாதி வேலை அந்த ஃபைலில்தான் இருக்கிறது. சீசனில் வரப்போகும் எதிரணிகளை எங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வோம். என் பங்குக்கு வந்த அணி 'என் ஸ்கவுட்'. அவர்கள் கடைசியாக ஆடிய சில ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்து, யார் எந்தப் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவாள், யாரைத் தைரியமாக த்ரீ (தூரத்திலிருந்து மூன்று புள்ளி வீச்சு) போட விடலாம், அவர்கள் கோச் முஷ்டியை உயர்த்தினால் எந்த ப்ளே (முன்பே பழகிவைத்த ஆட்டத் திட்டம்) என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வேன். அதைச் சின்னச் சின்ன வீடியோத் துண்டுகளாக வெட்டிப் பெண்களுக்குக் காட்டவேண்டும். பத்து நிமிஷம் தாண்டினால் பின்வரிசை தூங்கிவிடும். மறுநாள் பிராக்டிஸில் நம் கல்லூரிப் பையன்கள் எதிரணி ஆட்டக்காரிகளின் நம்பர் போட்ட பின்னியை (சட்டைக்கு மேல் போடும் பயிற்சி பனியன்) மாட்டிக்கொண்டு, அவர்கள் ப்ளேக்களை அப்படியே ஓடிக்காட்டுவார்கள். மகளிர் அணிகளில் இது சர்வசாதாரணம். ஆட்டத்தன்று அந்தக் கோச்சின் முஷ்டி உயரும்போது, பந்து உள்ளே வருவதற்குள் அது எந்த ப்ளே என்று நம் பெண்களுக்கு நான் கத்திச் சொல்லியாக வேண்டும். கத்தியது சரியாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்பாக இருந்தால் பெஞ்ச் முழுக்க என்னைத்தான் பார்க்கும்.

மீதிப் பாதி?

ஆள் பிடிப்பது. ஜூலையில் பள்ளிப் பெண்கள் ஆடும் கிளப் டோர்னமென்ட் நடக்கும் அரங்குகளில் கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் பல கோர்ட்டுகளில் நடக்கும் ஆட்டங்களைக் காலை முதல் ராத்திரி வரை பார்ப்போம். யாரிடம் எப்போது பேசலாம், எப்போது வாயே திறக்கக்கூடாது என்பதற்கெல்லாம், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இருக்கிறது. வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தபிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது: சீசன் முடிந்ததும் நம் அணிப் பெண்களையே இருக்கச் சொல்லிப் பேசித் தக்கவைப்பது. ஆட்டக்காரிகளுக்கு சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் என்று வரம்பு உண்டு. எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

நான் கோயம்புத்தூர். காலேஜ் டீமில் ஆடியிருக்கிறேன். அங்கே வந்து கோச் ஆக முடியுமா மேடம்?

வழி இருக்கிறதும்மா, ஆனால் குறுகலானது. முதுகலைப் படிப்பில் சேர்ந்து, அந்தக் கல்லூரி அணியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட் இடம் (படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவும் வேலை) தேடுங்கள். கிடைத்தால் பெரும்பாலும் கல்விக்கட்டணச் சலுகையும் ஒரு சின்னத் தொகையும் உண்டு. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி என்பதை முதல் நாளே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் தொழிலில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, சிக்கல் உங்களுக்குத்தான் வரும். என் யோசனை, வீடியோ வெட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள். 2023-ல் விதி மாறி, கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஒரு அணிக்கு மூன்றாக இருந்த அசிஸ்டன்ட் இடங்கள் ஐந்தாயின. வெளியூர் போய் ஆள் பிடிக்கும் அனுமதி இல்லாமல் வந்த அந்த இரண்டு புது இடங்கள், வீடியோ அறையிலிருந்து மேலே வருகிறவர்களுக்கு நல்ல வாசல்.

சம்பளம்?

பெரிய கல்லூரிக்கும் சின்னக் கல்லூரிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பணத்தைவிட, பல இடங்களில் ஒப்பந்தம் ஒரே வருஷம் என்பதுதான் பெரிய கவலை. ஹெட் கோச்சை அனுப்பினால் கூடவே நாமும் மூட்டை கட்டவேண்டியதுதான். ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் அரையிறுதியும் இறுதியும்) நடக்கும் ஊரிலேயே கோச்சுகள் சங்கத்தின் மாநாடும் நடக்கும். அங்கே ஹோட்டல் லாபியில் காபிக் கோப்பையோடு நிற்பவர்களில் பாதிப் பேர் வேலை தேடுகிறவர்கள், மீதிப் பேர் வேலை கொடுக்க வந்தவர்கள்.

கடைசிவரை அசிஸ்டன்டாகவே இருப்பவர்கள் தோற்றவர்கள்தானே? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் டெய்லியைப் பாருங்கள். 1985-ல் ஹெட் கோச் ஜீனோ ஆரியெம்மாவோடு வந்தவர், அந்த அணி 1995-லிருந்து 2025 வரை வென்ற 12 தேசியப் பட்டங்களிலும் பக்கத்து நாற்காலியில் இருந்தார். 2018-ல் மகளிர் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரும் சேர்ந்தது. லிசா பாயர் கதை இன்னும் சுவாரசியம். பிராட்லி பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச்சாகவே இருந்தவர், பிறகு தொழில்முறை அணி ஒன்றில், அப்போது நட்சத்திர ஆட்டக்காரியாக இருந்த டான் ஸ்டேலிக்கே கோச். பின்னாளில் ஸ்டேலி ஹெட் கோச் ஆனபோது பாயரே அவரிடம் அசிஸ்டன்டாகச் சேர்ந்து, டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்கும் கூடவே போனார். படியிறங்கினார் என்று யார் சொல்வது?

காத்திருந்து பெற்றவர்களும் உண்டு. ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜான் ஜென்சன் 24 வருஷம் ஹெட் கோச் லிசா புளூடரிடம் அசிஸ்டன்ட். கூடைக்கு அடியில் ஆடும் உயரமான பெண்களைத் தேற்றுவது அவர் கைவேலை. ஐயோவாவின் நட்சத்திர ஆட்டக்காரி மேகன் கஸ்டஃப்சன் அந்தப் பட்டறையில் உருவானவர்தான். 2024 மே மாதம் புளூடர் ஓய்வு பெற்றதும் நாற்காலி ஜென்சனுக்கு வந்தது. ஆனால் எல்லா அணியிலும் இப்படிக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்கள். ஹெட் கோச் ஆகியே தீரவேண்டும் என்று நினைத்தால், சின்னக் கல்லூரியாக இருந்தாலும் போய்விடுவதே நல்லது.

ஆட்டத்தின் நடுவே ஹெட் கோச்சின் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார்களே, அதுவும் வேலையா?

முக்கியமான வேலை! ரெஃப்ரியிடம் எகிறினால் டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு இரண்டு இலவச வீச்சு. நெருக்கமான ஆட்டத்தில் அந்த இரண்டு புள்ளி போதும். அதனால் யாராவது ஒருவர் எப்போதும் கோட்டு எட்டும் தூரத்தில் உட்காருவோம். இரண்டாவது டெக்னிகலும் வாங்கினால் அவர் வெளியே போய்விடுவார், மீதி ஆட்டம் நம் தலையில்.