தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா?

கோத்தகிரி பக்கம் டீ பாக்டரி நடத்தும் ஒருவரின் கேள்வி இது: தேயிலை உலர்த்தக் காற்றைச் சூடாக்கும் விறகு ஹீட்டரின் புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டை வைத்து, தண்ணீருக்குப் பதிலாகச் சீக்கிரம் கொதிக்கும் திரவத்தால் டர்பைன் ஓட்டி, கரண்ட் பில்லைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் அளவு பாக்டரிக்கு வேண்டாம் என்பேன். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் ஹீட்டர், டிரையர் பராமரிப்புதான் என் பிழைப்பு.

தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஏசி மெஷினைத் தலைகீழாக ஓட்டுவது போலத்தான். இதற்குப் பயன்படும் ஐசோபென்டேன் என்ற திரவம் சமவெளியிலேயே 28 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் உயரத்தில் இன்னும் ஆறு டிகிரி குறைவு. அதாவது சித்திரை மத்தியானம் திறந்து வைத்தால் அடுப்பே இல்லாமல் கொதித்துவிடும். இப்படிப்பட்ட திரவத்தை மூடிய குழாய்க்குள் சூடாக்கினால் 80, 90 டிகிரியிலேயே டர்பைனைச் சுற்றும் அழுத்தம் கிடைக்கும். அலாஸ்காவில் சேனா என்ற ஊரில் 74 டிகிரி வெந்நீர் ஊற்றை வைத்து 2006 முதல் இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே ஓடுவது ஃப்ரிட்ஜில் போடும் ஆர்134ஏ வாயு.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். மணிக்கு 200 கிலோ விறகு எரிகிறது என்று வையுங்கள். காற்றும் சேர்ந்து சுமார் 2,000 கிலோ புகை போகும். அதை 200 டிகிரியிலிருந்து 100 வரைதான் இறக்கலாம். அதற்கும் கீழே போனால் ஈரமும் தாரும் குழாயில் அப்பிக்கொள்ளும், சுரண்டி எடுப்பவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். இதில் கிடைக்கும் வெப்பம் 60 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. திரவம் சூடாகும் 90 டிகிரிக்கும் திரும்பக் குளிரும் 25 டிகிரிக்கும் நடுவே, வெப்பத்தில் மின்சாரமாக மாறக்கூடியதற்கு இயற்கை விதிப்படியே உச்ச வரம்பு 18 சதவீதம். நிஜ மெஷினில் 8 வந்தால் நல்லது. ஆக, 5 கிலோவாட். பம்பும் கூலிங் விசிறியும் தின்றது போக மிஞ்சுவது நான்கு. கொழுந்தைப் பரப்பிக் காற்று ஊதி வாட்டும் டிரஃப் என்ற நீளத் தொட்டியில் ஒரு 5 எச்.பி. மோட்டார் ஓடும், அவ்வளவுதான். அதுவும் கொழுந்து வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில். உறைபனிக் காலத்தில் கொழுந்தும் குறையும், மெஷினும் சும்மா நிற்கும். ஐசோபென்டேன் தீப்பிடிக்கும் சமாச்சாரம் என்பதால், விறகு ஹீட்டர் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனசு வராது.

அதே 60 கிலோவாட்டைச் சூடாகவே செலவழித்துப் பாருங்கள். ஆடி மாத மழையில் 15 டிகிரி குளிரும் 95 சதவீத ஈரமுமாக இருக்கிற காற்றை டிரஃபில் எத்தனை மணி நேரம் விட்டாலும் கொழுந்து வாடாது. அந்தக் காற்றை 20 டிகிரிக்கு ஏற்றினால் போதும், ஈரப்பதம் 70க்கு வந்துவிடும். வினாடிக்கு சுமார் 12 கிலோ காற்றை இப்படிச் சூடாக்க உங்கள் புகைபோக்கிச் சூடு போதுமானது. இப்போது அதற்கும் ஹீட்டரிலிருந்துதான் சூடான காற்று எடுப்பீர்கள், அந்த விறகு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: புகைக் குழாயை நேராக டிரஃப் காற்றில் வைக்காதீர்கள். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் தூளில் புகை வாடை ஏறிவிடும், ஏலத்தில் அந்தச் சரக்கை யாரும் தொட மாட்டார்கள். நடுவில் ஒரு வெந்நீர்ச் சுற்று போடுங்கள்: புகை நீரைச் சூடாக்கட்டும், அந்த நீர் காற்றைச் சூடாக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் புகைபோக்கியில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டிவிடுங்கள். அது 250க்கு மேல் காட்டினால் மெஷின் பேச்சே வேண்டாம். ஹீட்டர் குழாயில் கரி ஏறியிருக்கும், இல்லாவிட்டால் விசிறி தேவைக்கு மேல் காற்றை இழுக்கும். கம்பி பிரஷ்ஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.