வாய் தப்பா சொன்னாலும் கை சரியா சொல்லும்: கணக்கு, அறிவியல் வகுப்பு பத்தி கேள்வி பதில்

காரைக்குடி பக்கத்து பள்ளிக்கூடங்கள்ல பல வருஷமா கேமரா வச்சு, ஸ்மார்ட் போர்டு, டேப்லெட் முன்னாடி புள்ளைங்க எப்படி பேசுது, கைய எப்படி ஆட்டுதுன்னு பார்த்துட்டு வர்றேன். கேட்டவங்களுக்கெல்லாம் இங்கயே பதில்.

தேவகோட்டை டீச்சர்: அண்ணே, கைய ஆட்டுறதுல அப்படி என்ன இருக்கு? வாயால சொல்றது போதாதா?

போதாது டீச்சர். ஒரு பத்தாவது புள்ள ஜியோஜீப்ரான்னு கோடு, வரைபடம் போட்டு பாக்குற கணக்கு சாஃப்ட்வேர்ல சாய்வு எண்ண மாத்திக்கிட்டே "கோடு மேல போகுது சார்"னு சொல்லுச்சு, கேட்டா தப்பு தான், ஆனா வீடியோவ திரும்ப போட்டு பார்த்தா முழங்கைய ஒரே எடத்துல ஊனிக்கிட்டு கைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா செங்குத்தா நிமித்திக்கிட்டே போகுது, அதாவது கோடு நகரல, சாய்வு தான் கூடுதுன்னு கைக்கு தெரிஞ்சிருக்கு, அதுக்கான வார்த்தை தான் இன்னும் வரல. அமெரிக்கால சர்ச், கோல்டின் மெடோன்னு ரெண்டு ஆய்வாளருங்க 1986லயே இத எழுதிட்டாங்க. ஒசரமான டம்ளர் தண்ணிய அகலமான பாத்திரத்துல ஊத்துனா சின்ன புள்ளைங்க தண்ணி கொறைஞ்சிருச்சுன்னு ஒசரத்த பத்தி மட்டும் பேசும், கை அகலத்த காட்டும். அப்படி வாயும் கையும் வேற வேற சொல்ற புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தா சீக்கிரம் புடிச்சுக்குதுங்க. அந்த நேரத்துல நாம "தப்பு, உக்காரு"ன்னு சொல்லிட்டா எவ்வளவு பெரிய நஷ்டம் பாருங்க.

காரைக்குடி, எம்.எட். மாணவர்: சார், வகுப்ப வீடியோ எடுத்துட்டேன். அதுல நடக்குறத எப்படி எழுதுறது?

ஈலான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு தம்பி, நெதர்லாந்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல பண்ணது. பேச்சுக்கு ஒரு வரி, கைக்கு ஒரு வரி, கண்ணு எங்க பார்க்குதுன்னு ஒரு வரி, ஸ்க்ரீன்ல என்ன நடக்குதுன்னு ஒரு வரி. ஸ்க்ரீன் ரெக்கார்டிங்க தனியா எடுக்கலைன்னா "இது இங்க வருது"ன்னு புள்ள சொல்றதுல எது "இது"ன்னு உங்களுக்கே புரியாது. மௌனத்தையும் நொடி கணக்குல எழுதுங்க. பெத்தவங்ககிட்ட அனுமதி வாங்கியாச்சுல்ல?

பள்ளத்தூர் ஆசிரியர்: ஃபெட் சிமுலேஷன் (ஸ்க்ரீன்லயே அறிவியல் சோதனை பண்ணி பாக்குறது) போட்டா சும்மா கிளிக் பண்ணிட்டே இருக்குதுங்க, பேச மாட்டேங்குதுங்க.

ஆளுக்கொரு டேப்லெட் குடுக்காதீங்க சார், ரெண்டு பேருக்கு ஒண்ணு குடுங்க, சண்டை போட்டாவது பேசும். சர்க்யூட்ல ஸ்விட்ச போடுறதுக்கு முன்னாடி "கரண்ட் எப்படி போகும், கையால காட்டு"ன்னு கேளுங்க. கேட்டுட்டு பொறுங்க. நாம கேள்வி கேட்டு ஒரு நொடி கூட நிக்கிறதில்ல, அடுத்தவன்கிட்ட போயிடுறோம். மேரி பட் ரோன்னு அமெரிக்கால ஒரு அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970கள்லயே மூணு நொடி காத்திருந்தா பதில் நீளமா வரும், "தெரியல"ங்கறது குறையும்னு காட்டிட்டாங்க. என் வகுப்புல முதல்ல அந்த மூணு நொடி எனக்கு யுகமா இருந்துச்சு, போகப் போக பழகிருச்சு.

கோட்டையூர் அம்மா: ஆன்லைன் டியூஷன்ல முகம் மட்டும் தான் தெரியுது, பரவாயில்லையா?

ஃபோன சாய்ச்சு வைங்கம்மா, நோட்டும் ரெண்டு கையும் தெரியணும்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேரன் கணக்கு சொல்றப்ப கைய ஆட்டிக்கிட்டே இருக்கான். அதட்டலாமா?

வேண்டாம் ஆச்சி, ஆட்டட்டும். 2008ல வந்த ஒரு ஆய்வுல, கையால காட்டி கத்துக்கிட்ட புள்ளைங்களுக்கு வாரங்கள் கழிச்சும் கணக்கு ஞாபகம் இருந்துச்சு, வாயால மட்டும் சொன்னவங்களுக்கு அந்தளவு நிக்கல. உங்க வீட்டு வளவுல பூப்போட்ட ஆத்தங்குடி தரைக்கல்லு பதிச்சிருப்பாங்கல்ல, அந்தப் பூவ எந்த கோட்டுல மடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும்னு கையால காட்டச் சொல்லுங்க. ஒரு கோட்டோட நிறுத்துனான்னா "இன்னும் இருக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு உக்காருங்க.