நகர எல்லைக்கு வெளியே வீடு வாங்கினால் நகராட்சி தண்ணீர் தருமா? அரிசோனாவின் 'நீர் உறுதி' என்றால் என்ன?

அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் போன்ற நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மனை பிரித்து விற்பவர், அடுத்த 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அதுதான் 'நீர் உறுதி'. 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பாலைவனத்தில் போர்வெல் வற்றினால் மாட்டிக்கொள்வது விற்றவர் அல்ல, வாங்கியவர்.

சரி, ஓட்டை எங்கே? ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் இந்த விதி பொருந்தாது. ஸ்காட்ஸ்டேல் நகரை ஒட்டி, அதன் எல்லைக்கு வெளியே இருக்கும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் அப்படிப் பிரித்தே வீடுகள் பெருகின. பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். லாரிகள் நிரப்பியதோ ஸ்காட்ஸ்டேல் குழாயில். நகருக்குத் தண்ணீர் தரும் கொலராடோ ஆற்றில் நீர் குறையவும், 2023 ஜனவரி 1 அன்று நகரம் அதை நிறுத்தியது. பாத்திரம் கழுவத் தண்ணீரின்றிக் காகிதத் தட்டில் சாப்பிட்டவர்கள் உண்டு.

அபார்ட்மெண்ட் தொட்டியில் பக்கத்து வீட்டார் குடம் பிடிப்பது போலத்தான். தொட்டி நிறைந்திருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள்; சித்திரை வெயிலில் செக்ரட்டரி பூட்டுப் போட்டுவிடுவார். மெயின்டனன்ஸ் கட்டுகிறவருக்குத்தானே முதல் உரிமை!

'முகவரியில் ஸ்காட்ஸ்டேல் என்று இருக்கிறதே' என்பார்கள் அங்கே வீடு வாங்கியவர்கள். அது தபால்காரருக்கு வழி சொல்வது, நகர எல்லையைச் சொல்வதல்ல.