பொருக்குப் பூஞ்சையைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, பட்டுப்போன கட்டையில் படரும் பொருக்குப் பூஞ்சையைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விழுந்த கிளையில் ஆரஞ்சு நிறத்தில், அலையலையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிய்த்தால் தோல் போல வளைகிறது. என்ன அது?

உங்கள் வர்ணனைக்கு ஸ்டீரியம் ஹிர்சூட்டம் நன்றாகப் பொருந்துகிறது. அகன்ற இலை மரங்களின் செத்த கட்டையில் சர்வ சாதாரணமாகக் காணப்படுவது. முதலில் பட்டையோடு பட்டையாகப் படரும். அப்புறம் மேல் விளிம்பு மட்டும் கழன்று, சின்னத் தாழ்வாரம் போல வெளியே நீளும். அந்தத் தாழ்வாரத்தின் மேல்பக்கத்தை விரலால் தடவினால் ரோமம் தட்டுப்படும். ஹிர்சூட்டம் என்ற லத்தீன் சொல்லுக்கு மயிரடர்ந்தது என்றுதான் பொருள். 1787-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோ இதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். 1800-இல் பூஞ்சை ஆய்வாளர் பெர்சூன் ஸ்டீரியம் என்ற பேரினத்துக்கு மாற்றினார்.

வான்கோழி வால் காளானும் இப்படித்தானே இருக்கிறது?

மேலே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான், வண்ண வளையங்கள் உட்பட. கையில் எடுத்துத் திருப்புங்கள். வான்கோழி வாலின் (டிராமீட்டிஸ் வெர்சிகலர்) அடிப்பக்கம் முழுக்க ஊசி குத்தியது போன்ற துளைகள், ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்காவது இருக்கும். ஸ்டீரியத்தின் அடி மழமழவென்று இருக்கும். லென்ஸ் வைத்தாலும் துளை தெரியாது. படத்தை மேலிருந்து மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு "பெயர் சொல்லுங்கள்" என்றால் நான் என்ன செய்வது?

ஸ்டீரியம் ருசூலா வரிசையைச் சேர்ந்தது என்று படித்தேன். ருசூலா குடை போன்ற காளான் ஆயிற்றே. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. வரிசை என்பது குடும்பத்துக்கும் மேலே உள்ள பெரிய பிரிவு. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டுப் பூஞ்சை ஆய்வாளர் ஃப்ரீஸ் முதலானோர் பூஞ்சைகளின் வித்து (ஸ்போர்) உண்டாகும் பரப்பைப் பார்த்துப் பிரித்தார்கள்: செவுள் போன்ற தகடுகள் இருந்தால் ஒரு கூட்டம், துளை இருந்தால் இன்னொன்று, முள் இருந்தால் வேறொன்று. எதுவுமே இல்லாமல் வழவழப்பாக இருந்தவை எல்லாம் ஒரே மூட்டையில் போயின. கண்ணுக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பொருக்கு என்பது வெறும் உருவம். வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாக அந்த உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

நுண்ணோக்கி வேறு கதை சொன்னது. மெல்சர் என்ற அயோடின் கரைசலில் ஸ்டீரியத்தின் வித்துகள் நீலச் சாம்பலாக மாறும். ருசூலாவின் வித்துகள் மேலிருக்கும் மருக்களும் அதே கரைசலில் கருநீலமாகும். எண்ணெய் போன்ற பொருள் நிறைந்த பூஞ்சையிழைகளும் இந்த வரிசையில் பரவலாக உண்டு. பிறகு டிஎன்ஏ ஒப்பீடு வந்து உறவை உறுதி செய்தது. ஆக, குடை வடிவ ருசூலா, கிள்ளினால் பால் வடியும் லாக்டேரியஸ், முள்ளாகத் தொங்கும் சிங்கப்பிடரிக் காளான், இந்தப் பொருக்கு எல்லாம் ருசூலேல்ஸ் என்ற ஒரே வரிசை. அதற்குள் ஸ்டீரியத்துக்கு ஸ்டீரியேசி என்று தனிக் குடும்பம்.

ஊசியிலை மரக் கட்டையில் இருந்த பொருக்கைக் கீறியதும் சிவப்பாகக் கசிந்தது. ரத்தமா?

ரத்தம் இல்லை, ஆனால் பெயர் அதைத்தான் சொல்கிறது: ஸ்டீரியம் சாங்குயினொலெண்டம். ஈரமாக இருக்கும்போது கீறினால் சிவக்கும். காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். அகன்ற இலை மரங்களிலும் இப்படிச் சிவக்கும் உறவினர்கள் உண்டு என்பதால், எந்த மரம் என்று குறித்துக்கொள்வது முக்கியம். ஹிர்சூட்டம் சிவக்காது.

ஸ்டீரியம் ஹிர்சூட்டம் இருக்கும் கட்டையில் மஞ்சள் ஜெல்லி போல ஒன்றும் இருக்கிறது. அதுவும் மரத்தைத் தின்கிறதா?

அது மரத்தைத் தொடுவதில்லை. ட்ரெமெல்லா ஆரன்ஷியா ஸ்டீரியம் ஹிர்சூட்டத்தையே உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. மரத்தைத் தின்பவனை இன்னொருவன் தின்கிறான், அவ்வளவுதான்.

வீட்டு மேசைக்கு ஸ்டீரியம் பரவுமா?

பரவாது. மரத்தில் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்கவைக்கும் பூஞ்சைகளால் வேலை செய்ய முடியாது. ஆனால் ஈரத்தில் கிடக்கும் விறகில் இது மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும், நாராக இருக்கும் செல்லுலோஸையும் சேர்த்தே தின்று, கட்டையை வெளிறிப்போன நார் ஆக்கிவிடும்.

பிளம் மரத்தின் இலைகள் வெள்ளி போல மின்னுகின்றன. இதற்கும் ஸ்டீரியம்தான் காரணம் என்கிறார்கள்.

பழைய பெயர்ப்படி சரி. ஸ்டீரியம் பர்ப்யூரியம் என்று இருந்தது, இப்போது கொண்ட்ரோஸ்டீரியம் பர்ப்யூரியம். ருசூலேல்ஸிலிருந்தே வெளியேறி அகாரிகேல்ஸ் வரிசைக்குப் போய்விட்டது. வெட்டுக்காயம் வழியாக உள்ளே நுழைகிறது. இது விடும் நச்சால் இலையின் மேல்தோல் உள்திசுவை விட்டுப் பிரியும். இடையில் புகுந்த காற்றுதான் அந்த வெள்ளி மினுக்கம். இலையை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், வேறு நலிவாலும் இலை வெளிறும். பாதித்த கிளையை இரண்டரை சென்டிமீட்டராவது பருமன் உள்ள இடத்தில் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தைத் தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நடுவில் பழுப்புக் கறை தெரிந்தால், கறை முடியும் இடத்தையும் தாண்டி, வறண்ட கோடை நாளாகப் பார்த்து வெட்டி எடுங்கள்.