காஸ்பல் ஸ்டைல் ட்ரம்ஸ் என்றால் வெறும் வேகம்தானா?

"காஸ்பல் ஃபில், காஸ்பல் லிக் என்கிறார்களே, மற்ற ட்ரம்ஸ் வாசிப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது எது? வெறும் வேகம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு: காஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் பாட்டு, ஃபில் என்பது பாட்டின் இடைவெளியில் ட்ரம்மர் போடுகிற சின்ன வாசிப்பு, லிக் என்பது அதற்காகக் கையில் வைத்திருக்கும் அடிக்கோவை.

நீங்கள் ஏதோ ஒரு சபையில் ட்ரம்ஸ் வாசிக்கிறவர், ராத்திரியில் யூடியூபில் காஸ்பல் சாப்ஸ் (கைவித்தை) வீடியோ பார்க்கிறவர், "தம்பி, கொஞ்சம் குறைத்து அடி" என்று பாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

இது வளர்ந்த இடம் அமெரிக்காவின் கறுப்பின பெந்தெகொஸ்தே சபைகள். முக்கியமாக, மெம்பிஸில் தலைமையகம் உள்ள சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட். ட்ரம்ஸ் சத்தம் கோயிலுக்கு ஆகாது என்று பல சபைகள் ஒதுக்கியிருந்த காலத்தில், இவர்கள் 150-ஆம் சங்கீதத்தைக் காட்டி அதை உள்ளே கொண்டுவந்தார்கள். அங்கே பிரசங்கம் முடியப்போகிற நேரத்தில் பேச்சே பாட்டாகிவிடும். பிரசங்கியார் ஒரு வரி சொல்வார், ஹாமண்ட் ஆர்கன் (ஒரு மின்சார ஆர்கன்) பதில் சொல்லும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்னேரும் (நடுவில் இருக்கும் சின்ன ட்ரம்) கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்) விழும். அப்புறம் திடீரென்று தாளம் வேகம் பிடிக்கும், சபையே எழுந்து ஆடும். இதற்கெல்லாம் யாரும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பதில்லை. பிரசங்கியார் எங்கே மூச்சு வாங்குகிறார், ஆர்கன்காரர் எந்தக் கார்டுக்கு (சுரக் கூட்டுக்கு) போகிறார் என்று ட்ரம்மர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாடுகிறவர் விட்ட இடைவெளியில் சொல்கிற பதில்தான் காஸ்பல் ஃபில். சின்ன வயதிலிருந்தே ஞாயிறு தவறாமல் அந்த ஆர்கன் பக்கத்தில் உட்கார்ந்த பையன்களுக்கு அது தானாக வந்துவிடுகிறது.

கைச்சரக்கு என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். கையும் காலும் ஒரே நேரத்தில் விழாமல், ஒன்றன்பின் ஒன்றாக வருகிற லீனியர் அடிதான் பாதி. வலது கை 'வ', இடது கை 'இ', கிக் 'கா' என்று வையுங்கள். ஆறு அடி லிக்: வ இ வ வ இ கா. நாலு அடி லிக்: வ இ கா கா. ஒரு பாரில், அதாவது நாலு பீட் கொண்ட ஒரு சுற்றில், பீட்டுக்கு நாலு என்று பதினாறு அடி. ஆறு, ஆறு, நாலு என்று போட்டால் கணக்கு முடிந்தது. மிருதங்கக்காரர்களுக்கு இது புதிதல்ல. கோர்வை (கணக்குப் போட்டு முடிக்கிற சொற்கட்டு) தாளத்தை விட்டு விலகுவது போல் விலகி எடுப்பில் (பாட்டு தொடங்குகிற இடத்தில்) வந்து உட்காருவது மாதிரிதான். அந்த ஆறில் முதல் 'வ' மட்டும் டாமில் (ஸ்னேரைச் சுற்றியுள்ள ட்ரம்களில் ஒன்றில்) பலமாக விழும், நடுவில் உள்ள 'வ வ' ஸ்னேரில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும். எல்லா அடியையும் ஒரே பலத்தில் அடித்தால் தட்டச்சு யந்திரச் சத்தம்தான் வரும். அப்புறம் முடிக்கிற இடம். பெரும்பாலானவர்கள் அடுத்த பாரின் முதல் பீட்டான ஒன்றில் க்ராஷ் (ஓங்கி ஒலிக்கிற உலோகத் தட்டு) அடித்து முடிப்பார்கள். இவர்கள் பல சமயம் நாலுக்கும் ஒன்றுக்கும் நடுவிலேயே க்ராஷை அடித்து, உடனே கையால் பிடித்து அமுக்கி, ஒன்றைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

ஜாஸ் நண்பர்கள் கமெண்டில் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: கைக்கு நடுவில் கிக்கைச் செருகுவதை ஜாஸ் ட்ரம்மர் எல்வின் ஜோன்ஸ் 1960-களிலேயே செய்தார், ராக்கில் லெட் செப்பலின் குழுவின் பான்ஹாம் செய்தார். காஸ்பல்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அதை எங்கே வைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

வேகம் என்ற பேச்சு எப்படி வந்தது? 2000-களின் நடுவில் 'ஷெட்' வீடியோக்கள் பரவின. ட்ரம்மர்கள் கூடி மாற்றி மாற்றி வெளுத்து வாங்குவார்கள். பாடகர் கிடையாது, பிரசங்கம் கிடையாது. அதைப் பார்த்தால் வேகம்தான் தெரியும். 2006-இல் மாடர்ன் டிரம்மர் பத்திரிகையின் விழாவில் காஸ்பல் ட்ரம்மர் ஆரன் ஸ்பியர்ஸ் வாசித்ததையும் இப்படித்தான் பகிர்கிறார்கள், ஃபில்லை மட்டும் வெட்டி. முழுதாகப் பாருங்கள், எவ்வளவு நேரம் மனிதர் வெறும் தாளம் பிடிக்கிறார் என்று தெரியும். காஸ்பல் பாடகர் ஃப்ரெட் ஹாமண்டுக்கு வாசித்த மார்வின் மெக்விட்டியைக் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஒரு கன்வென்ஷனில் வெளியூர்ப் பாடகர் ஒருவர் ரிகர்சலே இல்லாமல் நேராக மேடை ஏறினார். கடைசிப் பல்லவியில் ஸ்கேலை ஏற்றப்போகிறார் என்று யாரும் சொல்லவில்லை. கீபோர்ட் அண்ணனின் இடது கை வழக்கமான கார்டை விட்டு அரைக்கட்டை மேலே நகர்ந்தது, அதை மட்டும் பார்த்தேன். கடைசி இரண்டு பீட்டில் ஒரு ஆறு, ஒரு இரண்டு, க்ராஷை அமுக்கிவிட்டுச் சும்மா இருந்தேன். அந்த வெற்றிடத்தில் பாடகர் புது ஸ்கேலில் வந்து விழுந்தார். கூட்டம் எழுந்துவிட்டது. எட்டே அடி. "ட்ரம்ஸ்காரர் இன்று அடக்கி வாசித்தார்" என்று ஒரு கமிட்டிப் பெரியவர் பாராட்டினார். அந்த எட்டு அடிக்காக எத்தனை ராத்திரி தலையணையில் அடித்திருப்பேன் என்று அவருக்கு எங்கே தெரியும்!

அதே கமிட்டிதான் கூட்டம் முடிந்ததும் கீபோர்ட் அண்ணனுக்குக் கவர் கொடுத்தது, எனக்கு ஸ்தோத்திரம் கொடுத்தது. ட்ரம்ஸ் அடிப்பது ஊழியமாம். கீபோர்ட் என்ன, சர்க்கார் உத்தியோகமா? சரி, இதைக் கேட்க வந்தவர் நீங்கள் இல்லை.

பழக வேண்டுமானால் மெட்ரோனோமை (தாளம் தட்டுகிற கருவி) நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்து, அந்த ஆறு ஆறு நாலை வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். நாலு பாரில் மூன்று பார் வெறும் தாளம், நாலாவதில் மட்டும் ஃபில். கிக் கையோடு சேர்ந்து குழைந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் 'வ'வையும் 'இ'யையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ட்ரம்மரைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டிவிட்டு ஃபேன் போட மறக்கிற சபைகளைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், அதற்கு இன்னும் நீளமாக எழுதுகிறேன்.