2026இன் பேய்ப் படங்களுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறேன். நானும் என் மகளும் ஹாரர் படங்களின் தீவிர ரசிகர்கள். அவளுக்கு வரும் அக்டோபரில்தான் 18 வயது நிறைகிறது. 2026இல் வரவிருக்கும் ஆங்கில, தமிழ் ஹாரர் படங்களையும், மறுவெளியீடாகும் பழைய ‘கல்ட்’ படங்களையும் சேர்த்து 12 படங்களுக்கு ஆண்டு பாஸ் தருவதாக வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் ஒருவர் சொல்கிறார். தலைக்கு 4,500 ரூபாய். சென்சார் வெட்டாத முழு வடிவம், நள்ளிரவு முதல் காட்சி என்றும் உறுதி சொல்கிறார். வாங்கலாமா? சில படங்களுக்கு என் அக்காவும் வருவார். அவருடைய குழந்தைக்கு இரண்டு வயது.

பதில்: வாங்காதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் பொருளை இன்றைய தேதியில் யாராலும் விற்க முடியாது. அந்தப் பன்னிரண்டு படங்களில் எத்தனை இந்தியாவுக்கு வரும், எந்த வாரம் வரும், கோவையில் எந்தத் திரையில் ஓடும் என்பதெல்லாம் அவற்றை வெளியிடப்போகும் விநியோகஸ்தருக்கே இன்னும் முடிவாகாத விஷயங்கள்.

முதலில், வெளியீட்டுத் தேதி என்று நீங்கள் பார்ப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழிலோ தெலுங்கிலோ எடுக்கப்படும் படத்துக்கு அது தயாரிப்பாளரின் விருப்பம் மட்டுமே. பிரபாஸ் நடித்த ‘தி ராஜா சாப்’ என்ற ஹாரர் நகைச்சுவைப் படம் 2025 ஏப்ரல் 10 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு டிசம்பர் 5 ஆகி, கடைசியில் 2026 ஜனவரி 9 என்று குறிக்கப்பட்டது. ஆங்கிலப் படமென்றால் நீங்கள் பட்டியல்களில் படிப்பது அமெரிக்கத் தேதி. ‘28 இயர்ஸ் லேட்டர்’ வரிசையின் அடுத்த படத்துக்கு ஜனவரி 16, ‘ஸ்க்ரீம் 7’க்கு பிப்ரவரி 27, இயக்குநர் ராபர்ட் எக்கர்ஸின் ‘வெர்வுல்ஃப்’ படத்துக்கு டிசம்பர் 25 என்றெல்லாம் அங்கே குறித்திருக்கிறார்கள். அதே எக்கர்ஸின் ‘நொஸ்ஃபெராட்டு’ 2024 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியாகி, இந்தியாவுக்கு 2025 ஜனவரி 10 அன்றுதான் வந்தது. மாறாக, ‘ஃபைனல் டெஸ்டினேஷன்: ப்ளட்லைன்ஸ்’ 2025 மே மாதம் அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்பே இங்கே வந்துவிட்டது. சில படங்கள் திரையரங்கை எட்டிப் பார்ப்பதே இல்லை. ‘தி சப்ஸ்டன்ஸ்’ இந்தியாவில் நேராக முபி என்ற இணைய (ஓடிடி) தளத்தில் வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆகவே நாட்காட்டியில் குறித்துக்கொள்வதானால் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்; அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தேதியை உண்மையில் முடிவுசெய்வது தணிக்கைச் சான்றிதழ். வெளிநாட்டுப் படமும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இங்கே திரையேற முடியாது. ஆங்கிலத்துக்கு வாங்கிய சான்றிதழ் தமிழ் டப்பிங்குக்குச் செல்லாது, அதற்குத் தனியாக வாங்க வேண்டும். எல்லாமே இணையவழியாகிவிட்டது, 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன, அவசரப் படங்களுக்கு முன்னுரிமைத் திரையிடல்கூட உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை வெளியாகவேண்டிய படத்துக்குப் புதன்கிழமை இரவுவரை சான்றிதழ் வராமல் விநியோகஸ்தர் அலுவலகத்தில் யாரும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சி மட்டும் மாறவே இல்லை. சான்றிதழ் தரும் தணிக்கை வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் முறையிடுவதற்கென்று ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதையும் கலைத்துவிட்டார்கள். இன்று ஒரு பேய்ப் படத்தின் ஓரிரு நிமிடங்களுக்காக உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எந்த விநியோகஸ்தர் அதைச் செய்வார்? சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்புவார். வெளிநாட்டுப் படங்களில், யாரும் சொல்வதற்கு முன்பே தாங்களாகவே கத்தரித்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி, ‘வெட்டாத முழு வடிவம்’ என்ற வாக்குறுதிக்கு வருகிறேன். ஏனென்றால் ஹாரர் ரசிகர்களிடம் பணம் பறிப்பவர்களுக்கு இதைவிட வசதியான தூண்டில் கிடையாது. இன்றைய திரையரங்கில் படம் ஃபிலிம் சுருளாக வருவதில்லை. பூட்டப்பட்ட டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியும் இன்னொரு சிறிய கோப்புதான். தியேட்டர்காரர்கள் அதைக் ‘கீ’ என்பார்கள். அந்தக் கீ, குறிப்பிட்ட திரையிலுள்ள குறிப்பிட்ட கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட நாள் முதல் குறிப்பிட்ட நாள் வரை மட்டுமே வேலை செய்யும். பக்கத்துத் திரைக்கு மாற்றினால்கூடப் படம் ஓடாது; முதல் காட்சிக்குக் கூட்டம் வாசலில் நிற்கும்போது ‘கீ இன்னும் வரவில்லை’ என்று ஆபரேட்டர் போனில் கத்திக்கொண்டிருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட ஏற்பாட்டில், வாட்ஸ்ஆப் குழு நடத்தும் ஒருவர் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்து திரையில் ஓட்டிவிடுவார் என்று நம்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. அப்படியே ஓட்டினாலும், சான்றிதழ் பெறாத வடிவத்தைப் பொதுமக்களுக்குத் திரையிடுவது 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் 4,500 ரூபாய்க்காக எந்தத் தியேட்டர் முதலாளியும் அந்த வம்பை விலைக்கு வாங்கமாட்டார்.

படம் வெட்டுப்பட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் பாஸ் எதுவும் தேவையில்லை. படம் தொடங்குமுன் திரையில் சில நொடிகள் வரும் சான்றிதழைப் பாருங்கள். அதன் இடது கீழ் மூலையில் ஒரு சிறிய முக்கோணம் போட்டிருந்தால், வாரியம் கைவைத்த பிறகே படம் உங்களிடம் வந்திருக்கிறது என்று பொருள். பாப்கார்னோடு இருக்கையைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது வந்துபோகும் என்பது வேறு விஷயம்.

வீட்டில் பார்த்தால் முழு வடிவம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஓடிடி தளங்களுக்குத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தேவையில்லை என்பதும், அவை 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தாங்களே வயது வகை போட்டுக்கொள்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் வெட்டாத வடிவத்தைத்தான் தரவேண்டும் என்று அவற்றுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. ஹாரர் இல்லையென்றாலும் ரத்தக்களறிக்குப் பேர்போன மலையாளப் படம் ‘மார்கோ’ 2025 பிப்ரவரியில் சோனி லிவ் தளத்துக்கு வந்தபோது, கூடுதல் காட்சிகளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது திரையரங்கில் ஓடிய அதே வடிவம்தான். டெலிகிராமில் ‘அன்கட்’ என்று சுற்றும் கோப்புகள் திருட்டுப் பிரதிகள். அவற்றைத் திறந்தால் உங்கள் கைப்பேசிக்குள் வேறு என்னென்ன குடியேறும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

நள்ளிரவு முதல் காட்சி என்பதும் தமிழ்நாட்டில் எடுபடாத பேச்சு. 2023 பொங்கல் வெளியீடுகளின்போது அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு, காலை 9 மணிக்கு முன்பாக முதல் காட்சிக்கு இங்கே அனுமதி கிடைப்பதில்லை. பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கே இதுதான் நிலை. பேய்ப் படத்துக்கு யார் விலக்கு வாங்கித்தரப் போகிறார்கள்? வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலை, கட்டணத்துடன் முன்னோட்டக் காட்சிகள் சில சமயம் நடக்கும். அவற்றுக்கும் எல்லோரும் பயன்படுத்தும் முன்பதிவுச் செயலியிலேயே டிக்கெட் கிடைக்கும், இடைத்தரகர் வேண்டியதில்லை.

உங்கள் மகளைப் பற்றிய பகுதிதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. 2024 முதல் யு/ஏ என்ற பழைய வகையை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. ‘யு/ஏ 16+’ போட்ட படத்துக்குப் பதினான்கு வயதுப் பிள்ளையை நீங்கள் அழைத்துச் சென்றால், வாசலில் தடுக்கத் தியேட்டர்காரருக்குச் சட்டம் எந்தப் பொறுப்பும் தரவில்லை. ‘ஏ’ சான்றிதழ் அப்படியல்ல. 18 வயது நிறைய ஒரு நாள் பாக்கி இருந்தாலும் உள்ளே விடக்கூடாது. தந்தை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் விடக்கூடாது. விட்டால் தண்டனை திரையிடுபவருக்கு, நான் மேலே சொன்ன அதே 7ஆவது பிரிவின்படி. வெளிநாட்டு ஹாரர் படங்களில் பல இங்கே ‘ஏ’ சான்றிதழோடுதான் வருகின்றன. ஆகவே அந்தப் பன்னிரண்டில் ஒரு நல்ல பங்கு உங்கள் மகளுக்கு அக்டோபர் வரை மூடிய கதவுதான். பாஸ் விற்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். முன்பதிவு செய்யும்போது வயதை உறுதிசெய்யச் சொல்லி ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘சரி’ என்று அழுத்திவிட்டு வாசலில் அடையாள அட்டை இல்லாமல் நின்றால் டிக்கெட் பணமும் திரும்ப வராது. இதே நாட்டில் அதே பிள்ளை அதே படத்தை வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஓடிடியில் பார்க்கலாம், குறுக்கே நிற்பது நீங்கள் வைக்கும் கடவுச்சொல் ஒன்றுதான் என்பதைச் சட்டம் எழுதுபவர்கள் எப்போது யோசிப்பார்களோ தெரியவில்லை.

குழந்தை விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விலக்கு இருக்கிறது. வாசலில் இதற்காக நடக்கும் சண்டைகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘ஏ’ படத்துக்கு 18 வயதுக்குக் குறைந்தவர் யாரையும் அனுமதிக்கக்கூடாது என்று சொல்லும் அதே 7ஆவது பிரிவு, பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அனுமதிப்பது குற்றமாகாது என்றும் சொல்கிறது. பால்குடிக் குழந்தையை வீட்டில் விட்டுவர முடியாத தாயை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். ஆகவே இரண்டு வயதுக் குழந்தையோடு உங்கள் அக்கா வந்தால், சட்டத்தைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். முதலாவது, குழந்தை தன் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ வரவேண்டும். அக்கா வராத நாளில் மாமா என்ற உரிமையில் நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் வாசலில் கேள்வி எழும். இரண்டாவது, குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டால் இந்த விலக்கும் முடிந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் சட்டத்தில் வித்தியாசமில்லை. மூன்றாவது, குற்றமாகாது என்பதற்கு, விட்டே ஆகவேண்டும் என்று பொருளில்லை. ‘ஏ’ படத்துக்குக் குழந்தைகளே வேண்டாம் என்று ஒரு திரையரங்கு தனக்கென விதி வைத்துக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பேய் அலறும் சத்தத்தில் இரண்டு வயதுக் குழந்தையை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது நியாயமா என்று அக்காவிடம் நீங்களே கேட்டுப்பாருங்கள்.

மறுவெளியீடுகளைப் பொறுத்தவரை உங்கள் ஆசையில் தவறில்லை. 2018இல் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத ‘தும்பாட்’, 2024 செப்டம்பரில் மறுபடி திரைக்கு வந்து, முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. அதற்குப் பிறகு பழைய படங்களைத் தூசு தட்டி எடுக்காத விநியோகஸ்தரே இல்லை. சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்று சட்டத்தில் இருந்த வரியும் 2023 திருத்தத்தில் போய்விட்டது. ஆனால் மிகத் தெளிவான படம் என்ற பொருளில் ‘4கே’ என்று சுவரொட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். மூல நெகடிவ்வைத் தேடியெடுத்து மறுபடி ஸ்கேன் செய்து சீரமைப்பது ஒன்று. கையிலிருக்கும் பழைய டிஜிட்டல் பிரதியைக் கணினியில் பெரிதாக்கிவிட்டு அதற்கும் அதே பெயர் சூட்டுவது இன்னொன்று. போதாக்குறைக்கு, பல திரையரங்குகளில் இருப்பது அதைவிடத் தெளிவு குறைந்த 2கே புரொஜெக்டர். எங்கிருந்து எடுத்த பிரதி என்று விளம்பரத்தில் ஒரு வரியாவது இருந்தால் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான்: விரும்பும் படங்களின் பெயர்களை முன்பதிவுச் செயலியில் குறித்துவையுங்கள், முன்பதிவு திறந்ததும் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள், ‘ஏ’ என்றால் அக்டோபர் வரை மகளுக்கு டிக்கெட் போடாதீர்கள். பிறந்தநாளுக்குப் பிறகு, பிறந்த தேதி முழுமையாக இருக்கும் அடையாள அட்டையோடு அவரை அழைத்துச் செல்லுங்கள். ‘வெர்வுல்ஃப்’ வருவதற்குள் அவருக்கு எந்தத் தடையும் இருக்காது. செயலியில் போட்ட டிக்கெட்டுக்குக் காட்சி ரத்தானால் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். பாஸ்காரரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீதே கிடைக்காது.

அவருக்கு முன்பணம் ஏதும் அனுப்பிவிட்டீர்களா என்பதை உங்கள் கேள்வியில் குறிப்பிடவில்லை. அனுப்பியிருந்தால், எந்தத் திரையரங்கு, எந்தத் திரை என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அந்த உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்யுங்கள். குழுவிலிருந்து வெளியேறுவதைப் புகார் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.